அக்கா கடிதத்தை ஏன் எரித்தாள்?

எட்டாம் வகுப்புத் தமிழ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பட்டாசு. சும்மாவா வைத்தார்கள்? சுண்டெலியின் விடைத்தாளோடு அவள் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் போய் இடித்தது.

சுண்டெலி என்பது கடைசி பெஞ்சில் இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண். ஆண்டுத் தேர்வில், பாடமாக வைத்த நாவலிலிருந்து ஒரே ஒரு கட்டுரைக் கேள்வி, பத்து மதிப்பெண்: தம்பியின் கடிதத்தை அக்கா ஏன் எரித்தாள்? குடும்ப மானத்தைக் காக்க என்று வகுப்பே எழுதியிருந்தது. சுண்டெலி மட்டும் வேறு எழுதியிருந்தாள்.

'அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் அத்தியாயத்தில் மருந்துச் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டி, கண்ணாடி கொண்டு வரலை, நீங்களே படிங்க என்கிறாள். பதினொன்றாம் அத்தியாயத்தில் கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறாள். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி யாரையும் கேட்க வெட்கம். அதனால் எரித்தாள்.'

ஏழு வருடமாக அந்த நாவலை நடத்தும் டீச்சரே அந்த ஊசியைக் கவனித்ததில்லை. தாளைத் திருத்திய பக்கத்து வகுப்பு வாத்தியாரோ சிவப்பில் ஒரு முட்டை போட்டிருந்தார். அந்த முட்டையால் நாலு மதிப்பெண் குறைந்து சுண்டெலி ஃபெயில்.

"உக்காருங்க டீச்சர்."

"உக்கார வரலை சார். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுதான் திருத்தினாரா அவரு? நாலு மார்க்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷமே போகுது!"

"விடைக்குறிப்புல இல்லாததுக்கு எப்படிம்மா மார்க் போடறது? குடும்ப மானம்னு எழுதணும். எழுதலைன்னா முட்டைதான்."

"எந்தப் புண்ணியவான் எழுதின குறிப்பு சார் அது? புத்தகத்தைத் தொட்டாவது பாத்தானா?"

ஹெட்மாஸ்டர் இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து மேசையில் தள்ளினார். 'மானம்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. தாளின் அடியில் கையெழுத்து, அவளுடையதேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்ட அன்றைக்கே எழுதிக் கொடுத்து மறந்துபோனது.

அவள் முகம் தொங்கிப்போனது. அடுத்த நிமிடமே கோபம் திரும்பி வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. இந்த முறை அது அவள் மேலேயே வந்தது. ஏழு வருடத்தில் இப்படி எத்தனை பிள்ளைகளுக்கு முட்டை விழுந்ததோ!

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் ஹெட்மாஸ்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தின் மேலேயே பெரிதாக ஒரு முட்டை போட்டாள்.

"இது இதை எழுதினவளுக்கு. இப்ப அந்தப் பொண்ணு தாளைத் திருத்துங்க சார்."

சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.