நாலு மணிக்குள் ஒரு பாறை

"தலையணை எதுக்கு இனிமே? எடுத்துடு" என்றாள் சித்தி. உயிர் போய்க் கிடந்த அக்காவின் தலையைத் தூக்கித் தலையணையை உருவும்போதும் தங்கையின் கண் சுவர்க்கடிகாரத்தில்தான் இருந்தது. மூன்றேகால்.

"மணியையே பாக்குறியே, பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

அவள் மறுபடி வாசலுக்குப் போனாள். கூடத்துக்கும் வாசலுக்குமாகப் பத்து நடை நடந்தாயிற்று, இருப்புக்கொள்ளவில்லை.

அக்காவும் அவளும் ஒரே அலுவலகம். செவ்வாய்க் கிரகத்தில் ஆய்வு வண்டி இறங்கப்போகும் இடத்தின் படங்களைப் பார்த்து, சரிவிலிருந்து உருண்டு வந்த பாறைகளைக் குறிக்கும் வேலை. இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தால்தான் ஒரு பாறை பட்டியலில் நிற்கும். போன வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அக்கா ஒன்றைக் குறித்திருந்தாள். சரிவில் வரிசையாகக் குழிகள், அடியில் பாறை. புதிதாக உருண்ட தடம் என்றாள். தங்கைக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் மேடுகள்.

"மருந்து மயக்கத்துல என்னத்தையோ பாத்திருக்கே" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். பாவி, அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டது.

நாலு மணிக்குப் பட்டியலை மூடுவார்கள். ஒற்றை ஆள் குறித்ததெல்லாம் தவறென்று போய்விடும். அக்காவுக்காகப் பொய்யாகக் குறிக்கக் கை வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

அறைக்குள் போய்க் கட்டிலில் மடிக்கணினியைத் திரை மெத்தையில் படியும்படி முழுக்க மலர்த்தித் திறந்தாள். அதே மேடுகள். அத்தான் எட்டிப் பார்த்தார்.

"அவளுக்குப் போட நல்ல துணியா ஒண்ணு எடும்மா. எனக்கு ஒண்ணும் ஓடலை."

கட்டிலைச் சுற்றிப் போய் அலமாரியைத் திறந்து, துணியோடு திரும்பினாள். அங்கிருந்து படம் தலைகீழாகத் தெரிந்தது. மேடுகள் எல்லாம் உள்வாங்கிக் குழிகளாகியிருந்தன, ஒவ்வொன்றாகப் பாறைவரை.

வெளிச்சம் கீழிருந்து விழும் படத்தில் குழி மேடாகத் தெரியும், திருப்பிப் பார். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லும் பாடம் அது. அக்காவிடம் ஜெயிக்கிற அவசரத்தில் அவள் திருப்பவே இல்லை.

குறித்தாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"என்னம்மா?"

"அக்கா சொன்னதுதான் சரி, அத்தான்."

"அன்னிக்கு நீ போனப்புறம் சிரிச்சா. 'அவசரக்குடுக்கை, ஆனா என்னிக்காவது திருப்பிப் பாப்பா'ன்னா."

துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். மூலையில் கிடந்த தலையணையை எடுத்து, அக்காவின் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். சித்தி நகர்ந்து இடம் விட்டாள். கடிகாரம் நாலு அடித்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.