புதன்கிழமையில் ஒரு தலைக்குளியல்

மே மாதக் கடைசியில் நகராட்சி ஓர் ஆணை போட்டது. கப்பலில் வரும் நன்னீர் போதவில்லை. ஆகவே தீவிலுள்ள அழகு நிலையங்கள் செவ்வாய், வெள்ளி இரண்டு நாட்கள் மட்டுமே தலை அலசலாம். தீவில் இருந்த அழகு நிலையம் ஒன்றே ஒன்று. அது கலியோப்பியுடையது. தன் ஒருத்தியை மனதில் வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

ஆணையைக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வந்தவர் தண்ணீர் ஆய்வாளர் ஸ்தமாத்திஸ். அவள் மகனுக்கு ஞானத்தகப்பன் அவர்தான். அந்த உறவில் அவர் அவளுக்குக் கும்பாரே, அவள் அவருக்குக் கும்பாரா.

"அழுக்கு என்ன கிழமை பார்த்தா தலையில சேருது, கும்பாரே?"

"எழுதினது நான் இல்ல கும்பாரா. ஒட்டுறது மட்டும்தான் நான்."

"ஒட்டிட்டுப் போங்க. இன்னிக்குக் காபி கிடையாது."

ஜூன் எப்படியோ ஓடிவிட்டது. ஜூலையில் ரொட்டிக்கடை மருசோவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கம்பக்கத்து மூன்று தீவுகளுக்கும் ஒரே பாதிரியார். அவர் கப்பல் இங்கே வருவது புதன்கிழமை. கல்யாணமும் புதனுக்குப் போனது.

"செவ்வாய்க்கிழமையே வந்து அலசிக்கடி" என்றாள் கலியோப்பி.

"அலசிட்டு? விருந்துக்கு ரொட்டி சுடுறது யாரு, நான்தானே! விடிஞ்சா தலை பூரா மாவும் வேர்வையுமா நிக்கும். இந்தக் கோலத்துல போய் மோதிரம் மாத்தவா அக்கா?" என்றாள் மருசோ.

கலியோப்பிக்குக் கோபம் தலைக்கேறியது. நகராட்சியில் போய் நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று துறைமுகம் வழியாக விறுவிறுவென்று நடந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கரையை ஒட்டி, சூரிய ஒளியில் இயங்கும் ஒரு மிதவை நின்றது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம். தெசலோனிக்கியிலிருந்து வந்திருந்த பொறியாளர் அர்கிரோ ஒரு மாதமாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதன் குழாயிலிருந்து பளிங்குபோல் நீர் வழிந்து, மறுபடி கடலிலேயே விழுந்தது.

"நல்ல தண்ணியா இது?"

"பரிசோதனையெல்லாம் பாஸ் அக்கா. ஆனா கடல் தண்ணின்னு சொல்லி இந்த ஊர்ல ஒரு ஆள் தொட மாட்டேங்குறாங்க. நான் ஒருத்திதான் குடிக்கிறேன்."

கலியோப்பி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். வாயில் உப்புக் கரிக்கவில்லை. பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போய்த் தன் தலையிலேயே தேய்த்துப் பார்த்தாள். சோப்பு பொங்கிப் பொங்கி நுரைத்தது.

புதன் காலையில் துறைமுகத்தில், மிதவைக் குழாயின் பக்கத்தில் அவளுடைய சுழல்நாற்காலி நின்றது. மருசோ கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். மாவெல்லாம் கரைந்து ஓட, கூடியிருந்த பெண்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டு ஸ்தமாத்திஸ் கோப்பும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"கும்பாரா, இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன். உங்க ஆணையைக் கொஞ்சம் உரக்கப் படிங்க."

அவர் படித்தார். "நகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்தி" என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். இன்னொரு முறை தனக்குள் படித்தார். குழாயைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"கடலைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே" என்றார் மெல்ல.

"அப்புறம் என்ன, வந்து உட்காருங்க. இருக்கிற நாலு முடியையும் அலசி விடுறேன்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தபடி தொப்பியைக் கழற்றினார்.

மருசோ அன்று மினுமினுக்கும் கூந்தலோடு கல்யாணம் செய்துகொண்டாள்.

மறுநாள் ஊரே வாளியோடு வந்து நின்றது. மீனவர் பந்தெலிஸ் மூன்று பீப்பாய் பிடித்து, படகைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பதினொரு மணிக்கெல்லாம் குழாய் சொட்டத் தொடங்கிவிட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி வெறும் குடத்தோடு திரும்பினாள். அதைப் பார்த்த கலியோப்பிக்கு என்னவோ போலிருந்தது. ஓர் அட்டையைக் கிழித்து, 'வீட்டுக்கு நாலு வாளி' என்று பெரிதாக எழுதிக் குழாயில் கட்டினாள்.

"அட! ரெண்டு மாசமா சட்டத்தைத் திட்டினவ இப்ப சட்டம் போடுறாளா?" என்றார் பந்தெலிஸ்.

அவளுக்குக் காது சிவந்தது. ஆனால் அட்டையை அவிழ்க்கவில்லை. "ஆமா, போடுறேன். நாலு வாளியில படகைக் கழுவுங்க, இல்ல பாட்டுப் பாடிக்கிட்டே குளிங்க. நான் கேக்க மாட்டேன். அஞ்சாவது வாளிக்குத்தான் கேப்பேன்."

பந்தெலிஸ் தாடியைச் சொறிந்தார். முணுமுணுத்துக்கொண்டே பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நகராட்சிக் கூட்டத்தில் கலியோப்பி ஒரு மணி நேரம் பேசினாள். அதில் பாதி சண்டை. "எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க. என்னிக்கு, எதுக்குங்கிறதை நாங்க பார்த்துக்கறோம்" என்பதுதான் சாரம். கிழமைக் கட்டுப்பாடு போனது. வீட்டுக்கும் கடைக்கும் அளவு வந்தது. இன்னும் இரண்டு மிதவைகள் கேட்டு அர்கிரோ அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். முதல் கையெழுத்தைப் பந்தெலிஸ் போட்டார்.