இடப்பக்கம் அரை அங்குலம்

அன்று காலை கடைக்குப் பின்னால் இருந்த அறையில், தையல்காரரின் மனைவி கண்ணாடி முன் நின்று சேலைக்குப் போடும் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானும் கொக்கியும் அவள் பொறுப்பு என்பதால் வாடிக்கையாளர்கள் அவளைப் பொத்தான் அக்கா என்பார்கள்.

"என்னங்க, இடது பக்கம் பிடிக்குது."

"சாப்பாட்டைக் குறை."

"சாப்பாடு என்ன, ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் போய்ச் சேருமா?"

தையல்காரர் சிரித்துக்கொண்டே அளவு நாடாவை மார்பில் வைத்தார். இடப்பக்கம் அரை அங்குலம் கூடியிருந்தது. போன சட்டைக்கு இல்லாத அரை அங்குலம். ஒரு கணம் கை நின்றது. ஆனால் யாருக்குத்தான் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது? ஒருவருக்குத் தோள் சரியும், ஒருவருக்கு இடுப்பு ஏறும். அதை வாய் திறந்து சொல்லாமல் நூலால் மறைப்பவன்தான் நல்ல தையல்காரன் என்பது அவர் கொள்கை. முப்பது வருடப் பழக்கத்தில் மனைவியிடமும் வாய் திறக்கவில்லை. தையலைப் பிரித்தார், தள்ளித் தைத்தார், இஸ்திரி போட்டார். சட்டை அச்சு வார்த்தாற்போல் உட்கார்ந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்து மார்பில் தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் மருத்துவரிடம் போனார்கள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று மருத்துவர் அம்மாள் கேட்டார்.

"ரெண்டு மாசமா," என்றாள் மனைவி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரர் விரல் மடக்கி எட்டு மாதம் எண்ணினார்.

"வலி இல்லன்னு விட்டுட்டீங்க, இல்லையா? நிறைய பேர் அப்படித்தான். வலிக்கணும்னு இல்ல, கட்டி கையில தட்டுப்படணும்னுகூட இல்ல. ஒரு பக்கம் புதுசா அளவு மாறினாலே வந்து காட்டணும்."

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய். ஸ்கேனில் அக்குளிலும் முதுகெலும்பிலும் தெரிந்தது. முழுவதும் போக்க முடியாது, மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார் மருத்துவர்.

மூன்றாவது கீமோவின்போது அவருக்குப் பொறுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் தலையில் துணி கட்டியிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு, முடிச்சு அவிழாமல் துணி கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "அந்தச் சட்டையைப் பிரிச்சேனே, அன்னிக்கே எனக்கு அளவு தெரிஞ்சுது. கேட்டிருக்கணும்."

அவள் மருந்துக் குழாயைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கும் தெரிஞ்சுதுங்க. குளிக்கும்போது பார்த்தேன். நீங்க பிரிச்சுத் தைச்சதும் சரியாப் போச்சு. சட்டையே சரியா இருக்கே, நமக்கு என்னன்னு விட்டுட்டேன்."

அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அழுதீங்கன்னா நர்ஸ் உங்களுக்கும் ஊசி குத்திடுவா. தண்ணி எடுத்துக் குடுங்க."

அதற்குப் பின் இரண்டு வருடம் இருந்தாள். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. அவள் மன்னித்தாளா, அவரைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாளா என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவள் போன அடுத்த மாதம் அவள் தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு வலியும் இல்ல அத்தான்."

"அவளுக்கும் வலி இல்லம்மா."

அதன் பிறகுதான் அவள் கிளம்பினாள். மருத்துவமனையில், மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லிப் படிவத்தை அவரிடம் நீட்டினாள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா? ஆம். உறவு? உடன்பிறந்த அக்கா. கண்டுபிடித்தபோது வயது?

பேனா அங்கே நின்றது. அவர் தையலைப் பிரித்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து; மருத்துவர் சொன்ன மாதம் நாற்பத்தாறு.

"என்ன அத்தான், அக்கா வயசு மறந்து போச்சா?"

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, கட்டத்துக்குள் நாற்பத்தாறு என்று எழுதினார்.