வால் வரும்வரை

சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

வழிகாட்டி அதைப் பார்த்தான். அதற்கு முன்னால் இருந்த சூப் கிண்ணத்தை யாரோ தட்டால் மூடி வைத்திருந்தார்கள், சூடு போகாமல் இருக்க. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"எங்க அண்ணியைக் காணோம்?" என்றாள் அந்த நாற்காலிக்குரியவரின் நாத்தனார், ரொட்டியைப் பிய்த்தபடி. "இன்னுமா தலையைத் துவட்டுறாங்க? இதுக்குத்தான் தனி ரூம் கேட்டேன். கூடத் தங்கினா விடிய விடியக் கேள்வி கேட்பாங்க."

மேஜை முழுக்கச் சிரித்தது. வழிகாட்டி சிரிக்கவில்லை.

அந்த அண்ணி மாடியில் இல்லை. மலைச்சரிவில், பாதை இரண்டாகப் பிரியும் முனையில், அவன் நிறுத்திய அதே இடத்தில், கொட்டும் மழையில் நின்றுகொண்டிருக்கிறார்.

நடைப்பயணக் குழுக்களில் இது பழைய ஏற்பாடு. வழிகாட்டி முன்னால் போவான். கடைசியில் ஒருவன் வருவான். அவனுக்கு 'வால்' என்று பெயர். பாதை பிரியும் ஒவ்வொரு முனையிலும் வழிகாட்டி தன் பின்னால் வருபவரை நிறுத்திவிட்டுப் போவான். அவர் வருகிறவர்களுக்கெல்லாம் கைகாட்டி, வால் வந்ததும் அவனோடு சேர்ந்துகொள்வார். வால் வரும்வரை நகரக்கூடாது. அவ்வளவுதான். வால் வேறு பாதையில் வந்தால் மட்டுமே இது கெடும்.

இன்று வால் வேறு பாதையில் வந்தான். வரச் சொன்னதே வழிகாட்டிதான்.

"டேய், லேட்டாயிடுச்சு. கடைசி ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஓடைப் பக்கமா குறுக்கே ஏறி வந்துடு" என்று மனைவியின் தம்பிக்குப் போன் போட்டிருந்தான். மச்சான்தான் வால். பிறகு மழை பிடித்தது. எல்லோரும் விடுதிக்குள் தலைதெறிக்க ஓடினார்கள். தலைகளை எண்ண அவனுக்குத் தோன்றவே இல்லை.

இதையாவது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாளை அங்கே நிறுத்தியது மறதியல்ல.

காலையிலிருந்து அவர் அவன் தோளை ஒட்டியே வந்தார். "இது என்ன மரம் தம்பி? இந்த ஓடை எங்க போய்ச் சேருது? அந்தப் பறவை ஏன் ஒத்தையா உட்கார்ந்திருக்கு?" செருப்புக் கடையில் பத்து வருடம் பிறர் காலைப் பிடித்தது போதும் என்று இந்த வேலைக்கு வந்தவன் அவன். மரமாவது பறவையாவது! வாயில் வந்த பெயரையெல்லாம் சொல்லிச் சமாளித்தான். அவனும் மச்சானும் தங்களுக்குள் அவருக்குக் 'கேள்வியம்மா' என்று பெயர் வைத்தார்கள். முனை வந்ததும் நிம்மதிப் பெருமூச்சோடு சொன்னான்: "உங்களை நம்பித்தான் நிறுத்துறேம்மா. வால் வர்ற வரைக்கும் நகரக்கூடாது."

அந்த அம்மாள் முகம் மலர்ந்து போயிற்று. பதக்கம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"என்னங்க, அண்ணி எங்கன்னு கேட்டேன்" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இது அவனுடைய முதல் குழு. ஒழுங்காக முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் அம்மாள் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"முட்டி வலின்னாங்க" என்றது அவன் வாய். "வழியிலேயே வண்டியில ஏத்தி அனுப்பிட்டேன். படுத்திருப்பாங்க. எழுப்ப வேண்டாம்."

"பார்த்தீங்களா!" என்றாள் நாத்தனார். "நான் அப்பவே சொன்னேன். இந்த வயசுல மலை ஏறப்போறேன்னு தினமும் பையில தண்ணி பாட்டிலை அடைச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கினாங்க. தண்ணி கேன் போட வந்த ஆளுன்னு நினைச்சுப் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு கேன் கேட்டாராம்!"

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

பெட்டிகள் ஏற்றும் வண்டி, மண் சாலை முடியும் இடம்வரைதான் போயிற்று. "நான் போறேன் மாமா" என்றான் கூட வந்த மச்சான், வெளுத்த முகத்தோடு.

"நீ இரு. நிறுத்தினவன் நான்."

ஓடினான். வழுக்கினான். எழுந்து ஓடினான். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. போன் பண்ண வழியில்லை. 'போனைப் பெட்டியிலேயே போடுங்க, இயற்கையை ரசிங்க' என்று காலையில் பேசிக் கைதட்டல் வாங்கியதும் அவன்தான். அவர் கால் போன போக்கில் போயிருந்தால்? சரிவில் விழுந்திருந்தால்?

திருப்பத்தில் அவனுடைய காலடிச் சத்தம் கேட்டதும் மழைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"இந்தப் பக்கம்! வலது பக்கம் வாங்க! பயப்படாதீங்க!"

மஞ்சள் மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வழிகாட்டிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா."

"தம்பியா? வால் தம்பி எங்க? கடைசி ரெண்டு பேரும் இன்னும் வரலையே! தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டேன். டிராக்டர்ல ஒருத்தர் வந்தாரு, ஏறுங்கன்னாரு. மூணு பேரு பின்னாடி வர்றாங்க, நான் நகர்ந்தா வழி தெரியாதுன்னு அனுப்பிட்டேன். அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"எல்லாரும் வந்துட்டாங்கம்மா. குறுக்கு வழியில."

"அப்பாடா!" என்றார். பிறகு நீட்டிய கையை மெல்ல இறக்கினார். "அப்போ நான் யாருக்காக நின்னேன்?"

அவன் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

வண்டிவரை அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த நாளில் முதன்முறையாகக் கேள்வியே இல்லாமல் அவர் நடந்தது, அவனைச் செருப்பால் அடித்தது போல இருந்தது. சாப்பாட்டு அறையில் சொன்ன பொய்யை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். வண்டி ஏறியதும் சொல்லலாம். இறங்கும்போது சொல்லலாம்.

சொல்லவில்லை.

"அண்ணி! முட்டி எப்படி இருக்கு? ஆமா, இதென்ன, தொப்பலா நனைஞ்சிருக்கீங்க?" நாத்தனார் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். "சொன்னா கேட்டீங்களா? நாளைக்கு நீங்க வண்டியில வாங்க. முகட்டுக்கு நாங்க போறோம். எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு."

முகடு. அங்கே ஏறி நிற்பதற்காகத்தான் அவர் ஒரு வருடம் மாடிப்படி ஏறினார். முதல் நாள் அறிமுகத்திலேயே சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் நாத்தனாரைப் பார்த்தார். பிறகு வழிகாட்டியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவன் காது மடல்வரை சூடேறியது.

"ஆமா," என்றார் மெதுவாக. "கொஞ்சம் வலிதான். நீங்க போயிட்டு வாங்க."

தப்பித்தாயிற்று. வேலை நிலைத்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு கிண்ணம் சூப் குடித்தால் போதும்.

"முட்டியில ஒண்ணும் இல்லை" என்றான் வழிகாட்டி. அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் பொய் சொன்னேன். முனையில நிறுத்திட்டு மறந்துட்டேன். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்னிருக்காங்க."

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"நிறுத்தினதும் வேலைக்காக இல்லை. கேள்வி கேட்டுக்கிட்டே வந்தாங்க... கொஞ்ச நேரம் தொல்லை விடட்டும்னுதான்."

நாத்தனாரின் முகம் மாறியது.

"தொல்லையா? எங்க அண்ணியை நான் ஆயிரம் சொல்லுவேன். கிண்டல் பண்ணுவேன். நீங்க யாருங்க?" அவள் குரல் உடைந்தது. "மனுஷியை மழையில விட்டுட்டு, இங்க வந்து சூப் குடிப்பீங்களா? நானும் சேர்ந்து சிரிச்சேனே!"

அவள் தன் சால்வையை உருவி அண்ணியின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். துவட்டிக்கொண்டே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேனேஜர் அம்மாள் அவனிடம் அதிகம் பேசவில்லை. "நாளைக்கு உன் மச்சான் முன்னால போகட்டும். முடிச்சிட்டு நேரா என்னை வந்து பார்."

மறுநாள் மழை விட்டிருந்தது. முதல் முனையில் மச்சான் தயங்கி நின்றான். "இங்க யாராவது ஒருத்தர்..."

யாரும் அசையவில்லை. எல்லோரும் அவரவர் காலணியையே பார்த்தார்கள்.

"அவரே நிக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

நின்றான். கையை நீட்டினான். ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சுச் சத்தம் திருப்பத்துக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது. காற்று மட்டும் இருந்தது. இன்று வால் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஏன் என்று கேட்க அவனுக்கு வாயில்லை. நீட்டிய கையை இறக்கலாமா? இறக்கவில்லை.

சரிவில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. பையில் தண்ணீர் பாட்டில்கள் குலுங்க, நிதானமாக ஏறி வந்தது.

"நாந்தான் இன்னிக்கு வால்" என்றார் அந்த அம்மாள். "நானே கேட்டு வாங்கினேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் மூச்சு வாங்கியபடி, அவன் பக்கத்தில் நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன மரம் தம்பி?"

"தெரியாதும்மா."

"சரி, வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்தார்.