கயிற்றுக்கு அந்தப் பக்கத்துக் காடு

எங்கள் ஊரில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து ஒரு காட்டை ஒளித்துவைத்திருந்தார்கள். காட்டை எப்படி ஒளிப்பது என்று கேட்பீர்கள். தேடி வர ஆளில்லாதபோது எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம்.

குமாசவா மலைக்கு யாரும் வருவதில்லை. பனிச்சறுக்குக்காக விமானம் ஏறுகிறவர்கள் ஜப்பானின் வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோவுக்குப் போகிறார்கள். ரயில் ஏறுகிறவர்கள் எங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டி, பெரிய ஓட்டல் நிற்கும் அடுத்த மலைக்குப் போகிறார்கள். எங்களிடம் இருப்பது கம்பியில் நாற்காலிகள் தொங்கியபடி மேலே ஏறும் ஒற்றை லிஃப்ட், இயந்திரம் சமன்செய்து வைக்கும் இரண்டு தடங்கள், அடிவாரத்தில் கறி ரைஸ் போடும் ஓர் உணவகம். இவை வரைபடத்தில் உண்டு. வரைபடத்தில் இல்லாதது, மேல் தடத்தின் விளிம்பில் நான் கட்டியிருக்கும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இறங்கும் பீச் மரக் காடு. வயதான மரங்கள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இறங்கலாம், அவ்வளவு இடைவெளி. வடக்குச் சரிவு என்பதால் பெய்த பனி நாட்கணக்கில் மாவாகவே கிடக்கும்.

நான் அந்த மலையின் ரோந்துக்காரி. கயிறு கட்டுவது என் வேலை. அதைத் தாண்டுகிறவர்களின் டிக்கெட்டைப் பிடுங்குவதும் என் வேலை. உள்ளூர்க்காரர்கள் தாண்டும்போது வேறு பக்கம் பார்ப்பது, யாரும் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டது.

அவர்கள் காட்டுக்குள் போகும் அழகைப் பார்க்கவேண்டும். ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஸ்கீ பலகைகளைக் கழற்றித் தோளில் சாய்த்து, கயிறு கட்ட நான் நடந்த சுவடுகளிலேயே கால்வைத்து நடப்பார்கள். கடைசி ஆள் ஊசியிலைக் கிளை ஒன்றால் பனியைப் பெருக்கிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். கீழே வனச்சாலையில் சேர்ந்து வெளிவரக் கூடாது. ஆளுக்கொரு சந்து வழியாக, சற்றுச் சற்று நேரம் விட்டு, இப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். லிஃப்ட் வரிசையில் காடு என்ற சொல்லே வராது.

"தோஃபு வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்பா. இன்னிக்கு ரொம்ப மெத்துனு இருக்கு."

லிஃப்டை இயக்குகிறவருக்கு அது சோயாக்கட்டித் தோஃபு அல்ல, காட்டுப் பனி என்று தெரியும். உணவகத்தில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கும் தெரியும். இவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கணக்கு வாத்தியார். தலைவர் ஒனோதெரா, ஊரின் சாக்கே மதுக்கடை முதலாளி. பேரன் எடுத்தவர்.

இந்தக் கூத்தைச் சகித்துக்கொண்டிருந்ததற்கு எனக்கும் காரணம் உண்டு. காலையில் லிஃப்ட் திறப்பதற்கு முன், பனி நிலவரம் பார்க்க முதல் ஆளாக மேலே போவேன். காட்டையும் பார்ப்பேன். அதற்குள் ஒரு சத்தமும் இருக்காது. நின்றால் என் மூச்சு மட்டும் கேட்கும், அதுவும் பிறகு அடங்கிவிடும். யாருடனும் பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் இடம் உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான் கிடைத்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், லிஃப்டை நடத்தும் பேருந்துக் கம்பெனி சொல்லிவிட்டது: இந்த வருடமும் ஆள் வராவிட்டால் லிஃப்டைக் கழற்றிவிடுவோம். என்னைப் பெரிய ஓட்டல் மலைக்கு மாற்றுவார்களாம். அங்கே ஒவ்வொரு கம்பத்திலும் ஒலிபெருக்கி. காலை முதல் மாலைவரை பாட்டு. அதன் கீழே நின்று நான் கையசைத்து வரிசையை ஒழுங்குபடுத்தவேண்டும். எனக்கு எங்கள் லிஃப்ட் வேண்டும். அந்த வருடம் நான் வேறெதையும் நினைக்கவில்லை.

மேலாளர் ஷிஷிதோ பயந்த சுபாவம். அவர்கூட எங்கெங்கோ தொலைபேசி செய்து, டோக்கியோவிலிருந்து மினகவா என்ற பத்திரிகைக்காரியை வரவழைத்தார். பனிச்சறுக்குப் பத்திரிகைகளில் அந்தப் பெண் எழுதினால் ஆட்கள் வண்டி பிடித்து வருவார்கள் என்றார். மலையைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு எனக்கு.

செய்தி அன்றே ஊருக்குள் போய்விட்டது. மதியம் உணவகத்தில் ஒனோதெராவும் பல் டாக்டர் சசாமோரியும் எனக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இவாபுச்சி-சான், வாங்க வாங்க. கறி ரைஸ் சாப்பிடுறீங்களா? இன்னிக்கு என் கணக்கு," என்றார் ஒனோதெரா. அவர் யாருக்காவது சோறு வாங்கித் தருகிறார் என்றால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

"விஷயத்தைச் சொல்லுங்க."

"நாளைக்கு டோக்கியோ பொண்ணு வருதாமே? நல்லா சுத்திக் காட்டுங்க. கீழ்த் தடம், மேல் தடம், சின்னப் பசங்க சறுக்குற மேடு. வெந்நீர் ஊத்துல ஒரு முக்கு முக்குங்க. நம்ம கடைக்குக் கூட்டிட்டு வாங்க, ஒரு பாட்டில் குடுத்தனுப்புறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ் ஏத்தி விடுங்க."

சசாமோரி குரலைத் தாழ்த்தினார். பக்கத்து மேசைகள் காலியாகத்தான் இருந்தன. "அந்தப் பக்கம் மட்டும் வேணாம். பத்திரிகைல ஒரு வரி வந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. ஆஸ்திரேலியாக்காரன் மூட்டை முடிச்சோட வந்து எறங்கிடுவான்."

"ஆள் வரலைன்னா லிஃப்டையே கழட்டிருவாங்க, டாக்டர்."

"வரட்டும். யாரு வேணாம்னா? வந்து தடத்துல சறுக்கிட்டுப் போகட்டும்."

"அந்த ரெண்டு தடத்துக்கா டோக்கியோவுலேர்ந்து வருவாங்க? நீங்களே அதுல சறுக்க மாட்டேங்குறீங்க."

"நாங்க உள்ளூரு. எங்கள சேக்காதீங்க."

"லிஃப்ட் நின்னா நீங்க எப்படி மேல போவீங்க?"

"நடந்து ஏறுவோம்!" என்றார் ஒனோதெரா.

எதிர்ச் சாரியில் இருக்கும் தபால் நிலையத்துக்குக் கார் எடுக்கிற மனிதர். அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைத்துணியைச் சரிசெய்தார்.

மினகவா மறுநாள் வந்தாள். முப்பது வயதிருக்கும். விலையுயர்ந்த ஜாக்கெட், பேச்சில் ஓர் அலுப்பு. கீழ்த் தடத்தில் ஒரு முறை, மேல் தடத்தில் ஒரு முறை இறங்கினாள். நன்றாகச் சறுக்கினாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். லிஃப்டில் திரும்ப ஏறும்போது கையுறையைக் கடித்துக் கழற்றி மணி பார்த்தாள்.

"இவ்வளவுதானாங்க?"

கீழே சசாமோரி, தற்செயலாக நிற்பதுபோல, எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பல் பிடுங்கக் காத்திருக்கும் நோயாளிகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இல்ல. இன்னும் இருக்கு," என்றேன்.

மேலே போனதும் கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், குனிந்து உள்ளே வந்தாள். "மரத்தை ஒட்டிப் போகாதீங்க. அடிமரத்தைச் சுத்திப் பள்ளம் இருக்கும், மேல பனி மூடியிருக்கும். இடது பக்க ஓடைக்கு எறங்க வேணாம். நான் நிக்கிற எடத்துல நில்லுங்க." முன்னால் இறங்கினேன்.

முந்தைய நாள் முழுக்கப் பெய்திருந்தது. முழங்காலுக்கு மேல் மாவுப்பனி. திரும்பும்போதெல்லாம் அது எழுந்து முகத்தில் விழுந்து, ஒரு கணம் வெளிச்சம் மட்டும் மிஞ்சி, பிறகு அடுத்த மரம் தெரிந்தது. அடிமரங்களில் கரடி ஏறிய பழைய நகக்கீறல்கள். நடுவில் ஒரு திறந்த சரிவு வரும். அங்கே நான் நின்றேன். அவளும் வந்து நின்றாள். ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவளை எனக்குப் பிடித்துப்போனது. பனி ஒரு கிளையிலிருந்து சரிந்து விழுந்தது, சத்தமில்லாமல். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

வனச்சாலைக்கு வந்தபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. குளிராகவும் இருக்கலாம்.

"எழுதுவீங்கல்ல?" என்றேன்.

அவள் ஸ்கீயைக் கழற்றினாள். நாங்கள் வெளியே வந்த சந்துக்குத் திரும்பிப் போனாள். தாழ்ந்து கிடந்த ஊசியிலைக் கிளை ஒன்றை ஒடித்து, எங்கள் தடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இதைப் போய் எழுதுவேனா அக்கா?" என்றாள். "எழுதினா ஒரே வாரத்துல நாசம் பண்ணிடுவாங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

நமக்குள்ளேயாம். வந்து அரை நாள் ஆகவில்லை.

அன்று மாலை ஒனோதெராவின் கடையில் அவளுக்கு விருந்து. நான் அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போனதற்காக முதலில் என்னை முறைத்தார்கள். அவள் கிளையால் பெருக்கிய கதையைக் கேட்டதும் முறைப்பு மாறி, ஆளாளுக்குக் கிண்ணம் நிரப்பினார்கள். "பொண்ணுன்னா இது பொண்ணு! நம்ம ஆளுப்பா!" என்று சசாமோரி மேசையைத் தட்டினார். இனி வரும்போது தன் வீட்டிலேயே தங்கலாம் என்றார் ஒனோதெரா. வரிசையில் நிற்கும்போது என்ன சொல்லவேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். தோஃபு, தோஃபு என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கட்டுரை அடுத்த வாரம் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்தது. குமாசவா சிறு குழந்தைகளுடன் வருகிறவர்களுக்கு ஏற்ற சாந்தமான மலை. வெந்நீர் ஊற்று உண்டு. கறி ரைஸ் சுவையாக இருந்தது. அவ்வளவுதான். ஷிஷிதோ அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார், இரண்டாவது தடவையில் ஏதாவது கூடியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"சாந்தமான மலை," என்றார். "நல்ல வார்த்தைதானே?"

"சவத்துக்குச் சொல்ற வார்த்தை," என்றேன். "மூங்கில் கம்பு எத்தனை இருக்கு நம்மகிட்ட?"

"எதுக்கு?"

"காட்டைத் தெறக்கப் போறேன்."

"ஒனோதெரா-சான் என்ன சொல்லுவாரோ."

"காடு அவரு மாமனார் குடுத்ததா?"

இரண்டு நாள் வேலை. ஓடைப் பக்கம் இரட்டைக் கயிறு கட்டினேன். ஆபத்தான மரங்களைச் சுற்றி வலை போட்டேன். சிவப்புத் துணி கட்டிய கம்புகளை மேலிருந்து கீழ்வரை நட்டேன். ஒவ்வொரு கம்பையும் குத்தும்போது எனக்கு எப்படி இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. நுழைவிடத்தில் பலகை வைத்தேன்: மரத் தடம், தேர்ந்தவர்களுக்கு. ஷிஷிதோ பயந்துகொண்டே படம் பிடித்து இணையத்தில் போட்டார்.

மறுநாள் காலையில் பலகைக்கு முன்னால் கூட்டம். மினகவாவும் இருந்தாள், விடுமுறை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குத்தான் கோபம் எல்லோரையும்விட அதிகம்.

"எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு? நம்பி வந்தேனே!"

"நீங்க ரெண்டு வரி எழுதியிருந்தா இந்தக் கம்புக்கு வேலை வந்திருக்காது."

"இது துரோகம்," என்றார் ஒனோதெரா. "எங்க அப்பா காலத்துலேர்ந்து நாங்க கட்டிக் காத்த எடம்."

"எதுலேர்ந்து காத்தீங்க? காத்தைத் தவிர இங்க யாரும் வரல."

"இவாபுச்சி-சான்," என்றார் சசாமோரி, "உங்களுக்கு இனி பல் வலின்னா வேற ஊருக்குப் போய்க்குங்க."

"டிக்கெட்டைக் காட்டிட்டுப் பேசுங்க டாக்டர்," என்றேன்.

அவரிடம் டிக்கெட் இல்லை. லிஃப்டை இயக்குகிறவர் உறவுக்காரர் என்பதால் எந்த வருடமும் வாங்கியதில்லை. சுற்றி நின்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். மினகவா அவரைப் பார்த்தாள்.

முதலில் மொரியோகாவிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு சென்டாயிலிருந்து. பிப்ரவரி முடிவதற்குள் ஆஸ்திரேலியாக்காரர்களும் வந்தார்கள், மூட்டை முடிச்சோடு. உணவகத்தில் கறி தீர்ந்துபோன நாட்கள் வந்தன. வசந்தத்தில் கம்பெனி லிஃப்டைக் கழற்றவில்லை. அடுத்த குளிர்காலத் திறப்பு விழாவில் ஒனோதெரா சாக்கே பீப்பாயைச் சுத்தியலால் உடைத்துத் திறந்துவைத்து, தலைமுறைகளாக எங்கள் ஊர் பேணிவந்த இந்த அருமையான காட்டை உலகத்துக்கு வழங்குவதில் பெருமைப்படுகிறேன் என்று பேசினார். கைதட்டினார்கள். மினகவா எட்டுப் பக்கம் எழுதினாள், தானே கண்டுபிடித்த காடு என்று. படத்தில் அவள் நிற்பது அந்தத் திறந்த சரிவில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது காடு முழுக்கக் கூச்சல். மாவுப்பனி காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. யாரோ ஒருவன் கரடிக் கீறலுக்குப் பக்கத்தில் தன் பெயரைக் கீறியிருக்கிறான்.

இன்றும் முதல் ஆளாகத்தான் ஏறுகிறேன். நாற்காலி பின்னாலிருந்து முட்டி என்னை எடுத்துக்கொள்கிறது. கம்பிகளின் சத்தம், பிறகு பழகிப்போய் அதுவும் இல்லை. கீழே, நேற்றைய தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக உறைந்து கிடக்கும் காடு. நான் கேட்டது லிஃப்ட். அது ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கீழே பார்ப்பதில்லை.