லாபம், ரெண்டு, மூணு

முதல் மூட்டை லாரியின் பலகையில் விழுந்த ஓசை கேட்டதும், மகள் படுக்கையில் கிடந்த தந்தையின் முகத்தையே உற்று நோக்கினாள்.

"லாபம்..." என்று வெளியே மேஸ்திரியின் குரல் எழுந்தது. எண்ணத் தொடங்குகையில் 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்பதே அத்தொழிலின் வழக்கம். "ரெண்டு... மூணு..."

தந்தையின் இமைகள் அசைந்தன.

கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் பனி பெய்து காப்பிச் செடிகள் கருகும், விலை ஏறும் என்று நம்பி, விற்காமல் கிடங்கை நிரப்பி வைத்தவர் அவர். பனி பெய்யவில்லை. அங்கே விளைச்சல் கொட்டியது. இங்கே விலை பாதியாயிற்று. லாரிகள் நின்றன. லாரிகளை நம்பிய பட்டறை பூட்டப்பட்டது. பட்டறை ஆட்களை நம்பிய தேநீர்க்கடையில் பால் மிஞ்சிப் புளித்தது. நோயில் விழுந்தவரிடம், விலை ஏறிவிட்டதென்று சொன்னவள் மகள்தான். "ஏறுனா லாரிச் சத்தம் கேக்கணுமே" என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததேயன்றி அடங்கவில்லை.

அன்று காலை அவள் மேஸ்திரியிடம் போய் உண்மையைச் சொல்லி, லாரிச் சத்தம் கேட்க வழியுண்டா என்றாள். வேலையற்றிருந்த அவர் தலையைச் சொறிந்தார்.

"காலி லாரிய உறும விட்டா மொதலாளி கண்டுபிடிச்சிருவாரு, பாப்பா. பாம்புக் காது அவருக்கு. மெய்யாவே ஏத்திருவோம்."

இப்போது வெளியே ஒருவன் களுக்கென்று சிரிக்க, இன்னொருவன் அதட்டி அடக்கினான். தந்தை கண்களைத் திறந்தார்.

"வெல என்ன சொன்னே?"

அவள் ஒரு விலையைச் சொன்னாள். நேற்றுச் சொன்னதும் அதே விலைதானா என்பது நினைவுக்கு வரவில்லை. அவர் நெடுநேரம் அவளைப் பார்த்தார். வெளியே எண்ணிக்கை தடைப்பட்டு, மீண்டும் தொடர்ந்தது.

"ஏத்துறதுக்கும் கூலி குடு" என்றார். "எறக்குறதுக்கும் குடு. கொறைச்சிராதம்மா."

அவள் வாய் திறப்பதற்குள் அவர் சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பியபோது லாரி மூட்டைகளோடு அப்படியே நின்றது. லாரிச் சொந்தக்காரனுக்கு வண்டி வேண்டுமாம். ஆட்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினர். முதல் மூட்டை முதுகில் இறங்கியதும் மேஸ்திரி வழக்கப்படி வாயைத் திறந்தார். வாசலில் நின்றவளைக் கண்டார்.

"ஒண்ணு" என்றார்.