மொத அடி

அருள்பாண்டிக்குப் பொண்டாட்டி நாகஜோதி மேல் சந்தேகம். அவள் செய்த பாவம் என்ன? இன்ஸ்டாவில் ஒரு ரீல் போட்டாள், ஊர்ப்பட்ட பயல்கள் அதற்கு லைக் போட்டார்கள். அம்புட்டுத்தான்.

அவளைச் சோதிக்க ஒரு பொய்க் கணக்கு தொடங்கினான். படத்துக்கு எவனோ ஒருவனின் சிரித்த முகம். விளாங்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹரிராம் அவன். அருள்பாண்டியை ஜென்மத்தில் பார்த்தவனில்லை. படத்தில் கடைப் பலகை தெரிவதைக்கூட வெட்டத் தெரியாத புத்திசாலி நம்மாள்.

"உங்க சிரிப்பு அழகு" என்று அனுப்பினான். பதில் இல்லை. பிறகு அசிங்கமாகவே அனுப்பினான்.

நாகஜோதி கணக்கை பிளாக் செய்தாள். உசிலம்பட்டியில் இருக்கும் அண்ணன்களுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுப் புருஷனிடமும் காட்டினாள். "பாருங்க மாமா, எம்புட்டுத் திமிரு இவனுக்கு!"

அருள்பாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கம்யா என் பொண்டாட்டி!

மறுநாள் காலையில் அண்ணன்கள் காரோடு வந்து நின்றார்கள். "கடையக் கண்டுபிடிச்சாச்சு, ஏறுங்க மாப்ள" என்றான் மூத்தவன் பேயாண்டி.

காளவாசல் சிக்னலில் கார் வெகுநேரம் நின்றது. 'மச்சான், அது நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சியைச் சந்தேகப்பட்டவனைச் சும்மா விடுவார்களா? வாயைப் பொத்திக்கொண்டான்.

"வாங்கண்ணே, என்ன மாடல்?" என்று ஹரிராம் சிரித்துக்கொண்டே எழுந்தான். பேயாண்டி அவன் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தான்.

"புருஷன் நீங்க. மொத அடி உங்களோடது மாப்ள. அதுதான் முறை."

"சத்தியமா நான் இல்லண்ணே! என் போனப் பாருங்கண்ணே!"

நீட்டிய போனைத் தட்டிவிட்டு அருள்பாண்டி அறைந்தான். முதலில் மெதுவாக. மச்சான்கள் பார்க்கிறார்களே என்று அப்புறம் பலமாக. போகப்போக அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இந்த மூஞ்சியைத்தானே அவள் பார்த்தாள்! ஹரிராமின் வலது மணிக்கட்டு முறிந்தது.

சின்ன அண்ணன் எடுத்த வீடியோவைப் பார்த்து நாகஜோதி கண் கலங்கினாள். "ஐயோ பாவம். இம்புட்டு அடிச்சிருக்க வேணாம் மாமா."

பாவமா? அவன் மேல் இவளுக்கு என்ன பாவம்?

அருள்பாண்டி மாடிக்குப் போய், அதே ஹரிராம் படத்தை வைத்து வேறொரு கணக்கு தொடங்கினான். "உங்களால என் கை போச்சுங்க" என்று அனுப்பினான்.

இந்தத் தடவை உடனே பதில் வந்தது. "மன்னிச்சிருங்கண்ணே."

அருள்பாண்டி பேயாண்டிக்குப் போன் போட்டான்.

"மச்சான், உங்க தங்கச்சி அவன்கூடப் பேசிக்கிட்டிருக்கா. உடனே வாங்க. மொத அடி உங்களோடது."